உப்பை உதறும் பறவை, யூரியாவைச் சேர்க்கும் தவளை

நடுக்கடலில் படகோடு மாட்டிக்கொண்டவர் எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்பார்கள். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பை வெளியே தள்ள நம் சிறுநீரகத்துக்கு ஏறத்தாழ 1,350 மில்லி சிறுநீர் தேவைப்படுகிறது. உள்ளே போனது 1,000 மில்லி, வெளியே வந்தது 1,350. துண்டு விழும் 350 மில்லியை உடம்புதான் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கவேண்டும். குடிக்கக் குடிக்க உடம்பு வற்றும்.

உப்பைச் செறிவாக வெளியேற்றுவதில் பறவையின் சிறுநீரகம் நம்முடையதைவிடவும் பலவீனமானது. தவளையின் நிலை அதைவிட மோசம்: தன் ரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை அதனால் உருவாக்கவே முடியாது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் இரண்டுமே கடல் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஆனால் கடற்காக்கை (ஆங்கிலத்தில் சீகல்) கடலோரத்தில் சௌக்கியமாக வாழ்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் ஒரு தவளை உப்புநீரில் இறங்கி நண்டு பிடித்துத் தின்கிறது.

கடற்காக்கையையும் தவளையையும் ஒப்பிடுவது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகத் தோன்றலாம். ஆனால் முடிச்சு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. சில ஆண்டு இடைவெளியில் இரண்டையும் ஆராய்ந்தவர் ஒருவரே: நார்வேயில் 1915இல் பிறந்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கனூட் ஷ்மிட்-நீல்சன். ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்துவைக்கிறது என்ற நம்பிக்கையை சகாராவுக்கே போய் ஆராய்ந்து உடைத்தவர். நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஒரு உயிர் எப்படிக் காலம் தள்ளுகிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. பாலைவனத்துக்குப் பிறகு கடலுக்கு வந்தது இயல்பான அடுத்த படி. இரண்டு இடத்திலும் பிரச்சினை ஒன்றுதான்.

1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் உள்ள மவுண்ட் டெசர்ட் தீவு ஆய்வகத்தில், அவரும் சகாக்களும் ஒரு நீர்க்காகத்தின் வயிற்றுக்குள் குழாய் வழியாகக் கடல்நீரைச் செலுத்தினார்கள். உப்பு சிறுநீரில் வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பறவையின் அலகு நுனியில் தெளிவான நீர் சொட்டத் தொடங்கியது. பறவை தலையைச் சிலுப்பி அதை உதறியது. அந்தச் சொட்டு கடல்நீரைவிட அதிக உப்புடன் இருந்தது.

இதில் வேடிக்கை, அந்த நீரைச் சுரக்கும் மூக்குச் சுரப்பி உடற்கூறு அறிஞர்களுக்கு நெடுங்காலமாகவே தெரியும். கண்ணுக்கு மேலே, மண்டையோட்டின் இரு பக்கமும் பிறை வடிவப் பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். கடற்பறவைகளுக்கு அது பெரிதாகவும் நிலப்பறவைகளுக்குச் சிறிதாகவும் இருப்பதையும் குறித்து வைத்திருந்தார்கள். ஆனால் கடல்நீர் மூக்கின் உட்தோலை அரிக்காமல் கழுவிவிடுவதுதான் அதன் வேலை என்று விளக்கம் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். யாரும் அந்த நீரை அளந்து பார்க்கவில்லை.

நீர்க்காகத்துக்கு அடுத்து வந்தது ஹெர்ரிங் கடற்காக்கை. வட அட்லாண்டிக் துறைமுகங்களில் மீன்பிடிப் படகுகளைச் சுற்றிக் கூச்சலிடும், குப்பைமேட்டில் கோழிக்குடலுக்குச் சண்டைபோடும் அதே பறவை. அதன் சுரப்பி பற்றிய ஆய்வுக் கட்டுரை 1958இல் வெளியானது. சுரப்பிக்குள் நீளவாக்கில் பல மடல்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன். ஒவ்வொரு மடலின் நடுவிலும் ஒரு கால்வாய். அதைச் சுற்றி, சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். ரத்தம் ஒரு திசையிலும் உப்புநீர் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. பறவையின் ரத்தத்தில் உப்பின் ஒரு பாதியான சோடியம் லிட்டருக்கு 150 மில்லிமோல் (கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) அளவில் இருக்க, மூக்கிலிருந்து சொட்டும் நீரில் அது 600 முதல் 800 வரை ஏறுகிறது. கடல்நீரில் இருப்பது சுமார் 470தான். குடித்ததைவிடச் செறிவாக வெளியே விட முடிந்தால் போதும், மிச்சம் பிடித்ததெல்லாம் நல்ல தண்ணீர்.

எவ்வளவு மிச்சம் என்பதற்குச் சோதனை இருக்கிறது. இன்னொரு கடற்காக்கை இனமான பெரிய கருமுதுகுக் கடற்காக்கை ஒன்றுக்கு 134 மில்லி கடல்நீர் கொடுத்தார்கள். பறவையின் எடை 1,420 கிராம். உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு; 70 கிலோ மனிதர் ஆறரை லிட்டர் கடல்நீர் குடித்ததற்குச் சமம். மூன்று மணி நேரத்துக்குள் கணக்கு நேராகிவிட்டது. மூக்கு வழியாக வந்தது 56 மில்லி. வெளியேறிய சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதில்தான் இருந்தது. எச்சத்துவாரம் வழியாக வந்த 75 மில்லியில் உப்பு பெயரளவுக்குத்தான். அதாவது அந்த 75 மில்லி, பறவை கடலிலிருந்து தயாரித்துக்கொண்ட நல்ல தண்ணீர். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் சவ்வு வழியே பிழிந்து உப்பைப் பின்னால் விட்டுவிடுகிறது. கடற்காக்கை தலைகீழ்: உப்பைப் பிழிந்து வெளியே விட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்கிறது. அதுவும் கண்ணுக்கு மேலே உள்ள ஒரு சின்னப் பள்ளத்தில்.

சுரப்பி எப்போதும் ஓடுவதில்லை. ரத்தத்தின் செறிவு ஏறினால் மட்டும் நரம்பு வழியாக உத்தரவு போகிறது. செறிவான சர்க்கரைக் கரைசலை ஊசி மூலம் ஏற்றினாலும் உப்பு சுரக்கிறது என்பது அந்த ஆய்வுகளில் வந்த அருமையான தகவல். அதற்கு உப்பா சர்க்கரையா என்ற கவலை இல்லை. ரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஏற்றம் பார்த்துத் தள்ள ஆற்றல் செலவாகிறது. ஆகவே தேவையில்லாதபோது நிறுத்திவைப்பதே சிக்கனம்.

இது அட்லாண்டிக் சமாச்சாரம் மட்டும் அல்ல. குளிர்காலத்தில் தனுஷ்கோடி, கோடியக்கரை, பழவேற்காடு பக்கம் வந்திறங்கும் பழுப்புத்தலைக் கடற்காக்கைக்கும் இதே சுரப்பி இருக்கிறது. திபெத், லடாக்கின் உயரமான ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிற பறவை அது. பட்டுப்போன கம்பத்தின் மேல் காற்றை எதிர்த்து நிற்கும்போது கண்ணாடித்துளிபோல ஒரு சொட்டு அலகு நுனியில் திரளும். கொஞ்ச நேரம் தொங்கும். பறவை தலையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று ஆட்டும்; சொட்டு போய்விடும். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் உண்டு. சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் ‘கண்ணீர்’ கூட உப்பு வெளியேற்றம்தான். அங்கே வேலை செய்வது கண்ணீர்ச் சுரப்பி. கடல்பாம்புக்கு நாக்கின் அடியில், முதலைக்கு நாக்கின் மேல். வேலை ஒன்று, ஆளாளுக்கு வேறு சுரப்பி.

இனி தவளை.

நண்டுண்ணித் தவளை என்று இதைச் சொல்லலாம். அறிவியல் பெயர் ஃபெஜெர்வர்யா காங்க்ரிவோரா. ஷ்மிட்-நீல்சன் காலத்தில் ரானா காங்க்ரிவோரா. பார்வைக்கு விசேஷம் ஏதுமில்லை: பழுப்பும் பச்சையும் கலந்த, உள்ளங்கையில் அடங்கும் வயல் தவளை. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் நெல்வயல்களில் தாராளமாகக் கிடைக்கும். அங்கெல்லாம் பிடித்துச் சமைத்துச் சாப்பிடவும் செய்கிறார்கள். வயலில் பூச்சியும், அலையாத்திக் காட்டில் நண்டும் அதன் உணவு.

தவளை கடலோரத்தில் வாழ்வது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், ஆமாம். 1859இலேயே டார்வின் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: பெருங்கடல் தீவுகளில் தவளைகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, கடல்நீர் பட்டால் தவளையும் அதன் முட்டையும் செத்துவிடும் என்பதால் அவை கடல் தாண்டிப் போக முடியாது. பறவை பறந்து போய்விடும், விதை மிதந்து போய்விடும், தவளைக்கு வழி இல்லை. இந்தப் பொதுவிதிக்கு விலக்காக, பிலிப்பைன்ஸில் உப்புநீரில் தலைப்பிரட்டைகள் வளர்வதை ஏ. எஸ். பியர்ஸ் 1911இல் எழுதினார். எப்படி என்ற கேள்விக்குப் பதில் வர அரை நூற்றாண்டு ஆனது. மால்கம் கார்டன், ஷ்மிட்-நீல்சன், ஹாமில்டன் கெல்லி ஆகிய மூவரும் தாய்லாந்துத் தவளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1961இல் வெளிவந்தது.

தவளையின் தோல் தண்ணீரை விடும் தோல். அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. நன்னீர்க் குளத்தில் இது வசதி: ரத்தம் குளத்துநீரைவிடச் செறிவாக இருப்பதால் தண்ணீர் தானாக உள்ளே வரும். உப்புநீரில் இதே கதவு எமனாகிவிடும். வெளியே செறிவு அதிகம், உள்ளே குறைவு. தண்ணீர் தோல் வழியே வெளியே ஓடிவிடும். வடுமாங்காய் உப்பில் சுருங்குகிற அதே இயற்பியல்.

நண்டுண்ணித் தவளை இதற்குச் செய்யும் காரியம், உப்பை எதிர்த்துச் சண்டைபோடாமல் தன் ரத்தத்தையே வெளிநீரின் செறிவுக்கு உயர்த்திக்கொள்வது. ரத்தத்தில் உப்பு கொஞ்சம் கூடுகிறது. ஆனால் உப்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் செல்கள் தாங்காது. மீதியை யூரியாவால் நிரப்புகிறது. ஐந்தில் நான்கு பங்கு கடல்நீர்ச் செறிவில், அதாவது லிட்டருக்கு 28 கிராம் உப்புள்ள நீரில், அதன் ரத்தத்தில் யூரியா 350 மில்லிமோல் வரை ஏறுகிறது. லேப் ரிப்போர்ட் மொழியில் சொன்னால் புரியும். நமக்கு ‘பிளட் யூரியா’ 15 முதல் 40 வரை இருந்தால் நார்மல் என்று போட்டிருப்பார்கள். இந்தத் தவளைக்கு அதே கணக்கில் சுமார் 2,100. நமக்கு 200ஐத் தாண்டினாலே வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடும்.

இப்போது தவளையின் ரத்தம் வெளிநீரைவிட ஒரு பிடி செறிவு அதிகம். ஆகவே உப்புநீரிலிருந்தே தண்ணீர் தோல் வழியே மெதுவாக உள்ளே வருகிறது. குடிக்க வேண்டாம், உப்பைப் பிழிய வேண்டாம். யூரியா கைவிட்டுப் போகாமல் இருக்கத் தவளை சிறுநீரின் அளவைக் குறைத்துக்கொள்கிறது. இந்தத் தவளையின் தசைகள் இந்த அளவு யூரியாவைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்கவில்லை, அது இல்லாவிட்டால் ஒழுங்காகச் சுருங்கவும் மறுக்கின்றன. நஞ்சு என்று நாம் நினைப்பது அதற்குச் சாப்பாட்டில் உப்புமாதிரி ஆகிவிட்டது. (வயலில் விவசாயி மூட்டை மூட்டையாகப் போடும் யூரியாவும் வேதியியல்படி இதே பொருள்தான். வயல் தவளை தன் பங்கைத் தானே தயாரித்துக்கொள்கிறது.)

இந்த வித்தை தவளையின் கண்டுபிடிப்பு அல்ல. சுறாவும் திருக்கையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக யூரியாவைத் தேக்கித்தான் கடலில் வாழ்கின்றன. சுறாப் புட்டுக்கு மீன் வாங்கியவர்களுக்கு இது மூக்கால் தெரியும்: ஐஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டால் அமோனியா நெடி அடிக்கும். சதையில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைப்பதால் வரும் நெடி அது. சுறாவின் சிறுநீரகம் யூரியாவை மீட்டு ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும் அளவுக்குத் தேர்ந்தது. தவளைக்கு அந்த வசதி இல்லாததால்தான் சிறுநீரைக் குறைப்பது என்ற எளிய வழி.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எது கெட்டிக்கார உயிர் என்று தீர்ப்பு எழுதத் தோன்றும். நான் எழுதமாட்டேன். வித்தியாசத்துக்கு வேர் புத்திசாலித்தனத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. கடற்காக்கையின் தோலும் எண்ணெய் பூசிய இறகும் அதைக் கடலிலிருந்து ஏறக்குறைய முழுமையாகப் பிரித்துவிடுகின்றன. உப்பு உள்ளே வர ஒரே வாசல், வாய். நண்டையும் சிப்பியையும் தின்றாலே கடல்நீர் குடித்ததுபோலத்தான், ஏனென்றால் பெரும்பாலான கடல்வாழ் முதுகெலும்பற்றவற்றின் உடல்நீர் கடலின் செறிவிலேயே இருக்கிறது. வாசல் ஒன்றே என்பதால், வந்த உப்பை அளந்து வெளியேற்றினால் போதும். தவளைக்கு உடம்பு முழுக்க வாசல். தோலை அடைத்துக்கொண்டால் மூச்சும் திணறும், அது தோலாலும் சுவாசிக்கிறது. ஆகவே உள்ளும் புறமும் சமன் செய்துகொள்வது தவிர அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

புரதத்தைச் செரித்த பிறகு எஞ்சும் நைட்ரஜன் கழிவைக் கையாள்வதிலும் இரண்டும் எதிரெதிர். கடற்காக்கை அதை யூரிக் அமிலமாக்கி, அதிகம் தண்ணீர் வீணாகாமல் வெள்ளைக் குழம்பாகப் போட்டுவிடுகிறது. துறைமுகத்தில் நிறுத்திய காரின் கண்ணாடி சாட்சி. தவளை அதே நைட்ரஜனை யூரியாவாக்கி உடம்பிலேயே வைத்துக்கொள்கிறது. பறவைக்குக் குப்பை, தவளைக்குக் கைமுதல்.

பெயர் விஷயத்திலும் இரண்டுக்கும் ஒரு பொருத்தம். மெய்ன் கடற்கரைக் கடற்காக்கையை அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2024இல் ஐரோப்பிய இனத்திலிருந்து பிரித்துத் தனி இனமாக்கிவிட்டது. தவளையிலும் மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. அலையாத்திக் காட்டு வகையை ஃபெஜெர்வர்யா மூடியை என்று தனியாக அழைக்கிறார்கள். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னதில் கடற்காக்கை ஒரு கட்சி, தவளை எதிர்க்கட்சி. ஆனால் தவளையின் குழந்தைப் பருவத்தைப் பார்த்தால் இந்தக் கட்சிப் பிரிவினை கலைந்துவிடுகிறது. அதே கார்டனும், டக்கர் என்ற இன்னொரு ஆய்வாளரும் 1965இல் தலைப்பிரட்டைகளைப் பற்றி எழுதினார்கள். தலைப்பிரட்டை யூரியாவைச் சேர்ப்பதே இல்லை. ரத்தத்தை வெளிநீரைவிடக் குறைந்த செறிவில் வைத்துக்கொள்கிறது; இழக்கும் தண்ணீருக்கு ஈடாக உப்புநீரைக் குடிக்கிறது; உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. எலும்புமீன்களின் வழி அது. அடிப்படையில் கடற்காக்கையின் வழியும் அதுவே. மூக்குக்குப் பதில் செவுள், அவ்வளவுதான். பிறகு வால் சுருங்கிக் கால் முளைத்து, செவுள் மறையும்போது உப்பைத் தள்ளும் உறுப்பு அதனோடு போய்விடுகிறது. அப்போதுதான் இந்த உயிர் சுறாவின் வழிக்கு மாறுகிறது. ஒரே உடம்பு, ஒரே ஆயுளில், இரண்டு நேரெதிர் விடைகள். வேறு எந்த ஒப்பீட்டையும்விட இதுதான் எனக்கு வியப்பு.

தாங்கும் அளவிலும் குழந்தைதான் பெரியவரை மிஞ்சுகிறது. வளர்ந்த தவளையின் எல்லை லிட்டருக்கு சுமார் 28 கிராம் உப்பு. தலைப்பிரட்டை 39 கிராம் வரை தாங்குகிறது, திறந்த கடலைவிடவும் அதிகம். வெயிலில் சுண்டிப்போகும் சதுப்புக் குட்டைகளில் இது உயிர்காக்கும் வித்தியாசம். அதே வித்தியாசம் ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. தலைப்பிரட்டை சௌக்கியமாக நீந்தும் நீரில், அது தவளையாக மாறினால் பிழைக்காது. உருமாற்றத்துக்கு நீர்த்த தண்ணீர் வேண்டும். முட்டை கருவுறவும் அப்படியே.

கடற்காக்கைக்கு இந்தத் தொல்லை கிடையாது. கூடு தரையில், கரு ஓட்டுக்குள். கடலின் உப்பு முட்டையை எட்டவே எட்டாது. பொரிந்து வரும்போது சுரப்பியும் கூடவே வருகிறது. அதனால்தான் கடற்காக்கை இனங்கள் துருவக் கரை முதல் வெப்பமண்டலம் வரை எங்கும் பரவின. நண்டுண்ணித் தவளை கழிமுகத்தையும் அலையாத்தியையும் தாண்டித் திறந்த கடலுக்குப் போகவில்லை. கனமழை பெய்து குட்டைகளில் உப்பு இறங்கும்வரை அதன் தலைப்பிரட்டைகள் கால் முளைக்காமல், தலைப்பிரட்டைகளாகவே காத்திருக்கின்றன.